கடவுச்சீட்டும் கணையாழியும்

சுந்தரகாண்டம் படிப்பிக்கும்போது மாணவர்களிடம் யான் ஒரு வினாவைத் தவறாது கேட்பதுண்டு. அசோகவனத்திலே அநுமன் கணையாழியைக் காட்டாதிருந்தால் பிராட்டி அவனை நம்பியிருப்பாளோ என்பதே அவ்வினா. ‘நம்பியிருப்பாள், இராமனுடைய அங்க அடையாளங்களையெல்லாம் அவன் சொன்னானே’ என்பர் சிலர். ‘நம்பியிருக்கமாட்டாள், மாயமானையும் மாயத் துறவியையும் ஒருமுறை நம்பிக் கெட்டவள் அல்லவோ’ என்பர் வேறு சிலர். இருபத்தைந்து ஆண்டுகளாக இரு கட்சியாரையும் வாதிடவிட்டு, மணியடித்ததும் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். விடை இன்னதென்பதில் எனக்கே துணிவில்லை. சென்ற மார்கழியிலே சென்னைப் பட்டினத்தில், கணையாழி இல்லாத தூதுவனாக ஒரு வாரம் நின்றபோதுதான் அவ்வினாவின் ஆழம் எனக்குப் புலனாயிற்று.

சிதம்பரத்திலே திருவாதிரைத் தரிசனஞ் செய்யவேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்குச் சிதம்பரம் வேற்றூர் அன்று. எம்முன்னோர் அங்கே மடங்கள் அமைத்தனர். அறக்கட்டளைகளுக்கு நிலம் எழுதிவைத்தனர். நாவலர் பெருமான் 1864ஆம் ஆண்டிலே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்கு முன்னர், அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்றபோது, அவரிடம் கடவுச்சீட்டுக் கேட்டார் ஒருவருமிலர். 1914ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்குமிடையே புகையிரதத்தோடு இணைந்து கப்பல் ஓடிற்று. 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுக்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தோடு தொடர்ந்த அச்சேவையும் 1980களிலே போர்ச்சூழலால் நின்றது. இன்று பலாலியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னையில் இறங்கலாம். 2019 ஒக்டோபரிலே திறக்கப்பட்ட எங்கள் சர்வதேச விமான நிலையம், தொற்றுநோய்க் காலத்திலே உறங்கி, 2022 டிசெம்பரிலே மீண்டும் விழித்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023ஆம் ஆண்டிலே கப்பலும் விடப்பட்டது. கடக்கும் வழிகள் மீண்டும் திறந்துவிட்டன. ஆனால், நாவலர் கையில் இல்லாத ஒன்று நம் கையில் இருந்தாலன்றி அவ்வழிகளால் நாம் கடத்தல் இயலாது.

அந்த ஒன்றையே யான் தொலைத்தேன்.

தரிசனம் முடிந்து, சிதம்பரத்திலிருந்து இரவுப் புகைவண்டியிலே புறப்பட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினேன். தோளிலே தொங்கிய துணிப்பையைத் தடவினேன். திருநீற்றுப் பை இருந்தது. குறிப்புப் புத்தகம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. கடவுச்சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் ஒருங்கே வைத்திருந்த சிறிய பையைக் காணவில்லை. மடத்திலே பதிவேட்டில் இலக்கம் எழுதுவதற்காக அதனை வெளியே எடுத்தது நன்றாக நினைவிருந்தது. திருப்பி வைத்தது நினைவில் இல்லை. மடத்தாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்கள் அறையைத் துளாவிப் பார்த்து, இல்லையென்றார்கள். வண்டியிலே விழுந்ததோ, வாகனத்திலே விழுந்ததோ, சந்நிதியின் நெருக்கத்திலே எவரேனும் எடுத்தனரோ, இன்றுவரை யான் அறியேன்.

‘எந்தக் கம்பெனிச் சீட்டு?’

முதலிற் சென்ற காவல் நிலையத்திலே, “ஐயா, எனது கடவுச்சீட்டுத் தொலைந்துவிட்டது” என்றேன். மேசையில் இருந்த இளைஞர் மிகுந்த பரிவோடு நிமிர்ந்து, “எந்தக் கம்பெனிச் சீட்டு சார்? எவ்வளவு கட்டியிருந்தீங்க?” என்றார். தமிழ்நாட்டிலே சீட்டு என்றால் பணம் போட்டு எடுக்குஞ் சீட்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “பாஸ்போட்” என்றேன். “அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார் அவர்.

அந்தத் துயரத்தினிடையிலும் என்னுள்ளே இருந்த பண்டிதன் சும்மா இருக்கவில்லை. ‘கட’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் கடவு. எங்கள் ஊரிலே வேலியில் ஆள் புகும் வழியைக் கடப்பு என்போம். தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தைப் புகையிரதக் கடவை என்போம். ஆதலின் கடவுச்சீட்டு என்பது எமக்குப் பொருள் விளங்கும் சொல். எல்லை என்பது ஒரு வேலி. அதிலே ஒரு கடப்பு. கடப்பிலே ஒரு காவலாளி. அவன் கேட்பது ஒரு சீட்டு. ஓரெழுத்தும் வேறுபடாத தமிழிலே பேசிக்கொண்டிருந்த யாம் இருவரும் இரு நாட்டினர் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்தது.

“எங்க தொலைச்சீங்க?” என்பது அவரது அடுத்த வினா. “தொலைத்த இடந் தெரிந்தால் அங்கே சென்று எடுத்திருப்பேனே, ஐயா” என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆயினும் அவ்வினா வீண் வினா அன்று. வண்டியில் தொலைந்ததாயின் புகைவண்டிக் காவலர் பொறுப்பு; தெருவில் தொலைந்ததாயின் அவ்வெல்லைக்குரிய நிலையத்தின் பொறுப்பு; சிதம்பரத்திலே தொலைந்ததாயின் இவ்விருவர் பொறுப்புமன்று. இரண்டு நிலையங்களுக்கு நடந்து, மூன்றாம் முறையிலே என் முறைப்பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு, முத்திரையிட்ட ஒரு பற்றுச்சீட்டைத் தந்தார்கள். அப்பற்றுச்சீட்டு இன்றேல் மேலே ஓரடியும் வைக்க இயலாது என்பதைப் பின்னர் அறிந்தேன். கடவுச்சீட்டைத் தொலைத்தவர் முதலிற் செய்யவேண்டியது இதுவே.

அன்று சனிக்கிழமை. தூதரகம் திங்கட்கிழமைதான் திறக்கும். இரண்டு நாள் பொறுத்தல் பெரிதன்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மயிலாப்பூரிலே விடுதியறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலையிலே தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, பதறாதேங்கோ. அம்மம்மா கிணத்தடியில விழுந்திட்டா. துடை எலும்பு வெடிச்சுப்போச்சாம். பெரியாஸ்பத்திரியிலதான் வைச்சிருக்கிறம். ஒப்பரேஷன் செய்யவேணுமாம்.”

எனது அன்னைக்கு வயது 84. யான் ஒரே ஆண்மகன். வயதானவர்களுக்கு அத்தகைய முறிவு நேர்ந்தால் அது எவ்வாறு முடியக்கூடும் என்பதை அறியாதார் எவருமிலர். ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவிலே அவர் கிடந்தார். அக்கணம் முதல் எனக்குக் கடல் அகன்றுவிட்டது.

முத்திரையின் கதை

திங்கட்கிழமை காலை, நுங்கம்பாக்கத்திலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் வாயிலிலே முதலாவது ஆளாக நின்றேன். வெளிநாட்டிலே தன் குடிமகனுக்குப் பயணப் பத்திரம் வழங்குதல் தூதரகத்தின் கடன்களுள் ஒன்று; 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை அதனைக் கூறுகின்றது. வேற்று மண்ணிலே நமக்கென ஒரு கதவு உண்டு என்பதே அதன் கருத்து. ஆயினும், தட்டுபவன் நம்மவன்தான் என்பதை அக்கதவுக்குப் பின்னால் இருப்பவர் அறிந்துகொள்ளவேண்டாவோ?

இஃது இன்று நேற்று எழுந்த சிக்கலன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலே முத்திராத்தியட்சன் என்றோர் அதிகாரி பேசப்படுகின்றான். நாட்டினுள்ளே புகுவார்க்கும் நாட்டைவிட்டுப் போவார்க்கும் ஒரு மாஷம் கட்டணம் பெற்று முத்திரை வழங்குதல் அவன் தொழில். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களுக்குப் புலிமுத்திரை பொறித்தமையைப் பட்டினப்பாலையிற் படித்திருக்கிறோம். அக்காலத்திலே பெரும்பாலும் முத்திரை வேண்டியிருந்தது பண்டங்களுக்கு; இக்காலத்திலே மனிதர்க்கும் வேண்டியிருக்கின்றது. முதல் உலகப் போரின்பின், 1920ஆம் ஆண்டிலே சர்வதேச சங்கம் பாரிஸ் நகரிற் கூட்டிய மாநாடே, 32 பக்கங்கொண்ட சிறு புத்தகமாகக் கடவுச்சீட்டு அமையவேண்டும் என்று பொது வடிவம் வகுத்தது. இலங்கையிலே 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நம் கடல்வழிகளுக்குக் கடப்பும் காவலும் அமைத்தது.

அதே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் செய்ததையும் மறத்தலாகாது. தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேர், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குப் பத்திரங் காட்ட இயலாமையால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அச்சிக்கலின் கடைசி முடிச்சுகளை அவிழ்க்க 2003ஆம் ஆண்டிலே இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு தாள் இல்லாமையால் விளைந்த துயரம் அரை நூற்றாண்டுக்குமேல் நீடித்தது.

தகரப் பெட்டி

உத்தியோகத்தர் ஓர் இளம் பெண்மணி. பொறுமையோடு கேட்டார். “சேர், கடவுச்சீட்டு இலக்கம் தெரியுமா?” தெரியாது. “அடையாள அட்டை?” அதுவும் உடன் போயிற்று. “பிரதி ஏதும் இருக்கா?” விடுதியார் என் கடவுச்சீட்டையும் வீசாவையும் போட்டோப் பிரதி எடுத்துவைத்திருந்தனர். இந்தியாவிலே தங்கும் வெளிநாட்டினரைப் பற்றி விடுதியார் படிவம் நிரப்பி அரசுக்கு அறிவித்தல் வேண்டும். அதன்பொருட்டு எடுத்த பிரதி அது. அதிலே என் முகம் கருநிழலாயிருந்தது. இலக்கத்தில் ஈற்றெண் மூன்றோ எட்டோ என்பது துணிய இயலாதிருந்தது. போதாக்குறைக்கு என் பெயரிலே ஒரு ழகரம் உண்டு. அந்த ழகரத்தை ஆங்கிலத்திலே ஒருவர் ஒருவாறு எழுதுவர். கடவுச்சீட்டிலே ஒருவாறும் பாடசாலைக் கடிதத்திலே வேறொருவாறும் இருந்தது. முப்பது ஆண்டுகள் ழகர ளகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு ஓதிய எனக்கு, அந்த எழுத்தே வாயிற்காவலனாக எதிரே நின்றது.

“நீங்கள் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியுது சேர். ஆனால் கொழும்புக்கு நான் அனுப்பவேணுமே” என்றார் அப்பெண்மணி. “பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்தால் இன்றைக்கே அனுப்பலாம்.”

அச்சொல்லைக் கேட்டதும் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஓரிரவு என் கண்முன் வந்தது.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி. வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை கொட்டிற்று. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. பண்டித பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். துவிச்சக்கரவண்டியின் பின்னே இரண்டு சாக்கு நிறையப் புத்தகங் கட்டியிருந்தேன். அம்மா ஒரு பிஸ்கட் தகரத்தைத் துணியாற் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அதனுள்ளே எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, தந்தையாரின் மரண அத்தாட்சிப் பத்திரம். வேறு பொருளொன்றும் அவர் எடுக்கவில்லை. “இந்தக் கடுதாசியளைக் கட்டிப்பிடிச்சு என்ன செய்யப்போறியள்? நான் பிறந்ததுக்கு நான் உயிரோட நிற்கிறதே சாட்சிதானே” என்று யான் எரிச்சலோடு சொன்னேன். “புத்தகம் பிறகும் வாங்கலாம் தம்பி” என்று மட்டும் அவர் சொன்னார். விடியுமுன்னரே நனைந்து கனத்த அச்சாக்குகளைத் தெருவோரத்திலே இறக்கிவிட்டேன். தகரம் சாவகச்சேரிக்குச் சென்றது. ஆறேழு மாதத்தின்பின் எங்களோடு வீடு திரும்பிற்று.

வெளியே வந்து மருமகனை அழைத்தேன். அவன் ஆசுபத்திரியிலே அம்மாவின் கட்டிலருகே நின்றான். தகரம் எங்கேயென்று அவனுக்குத் தெரியாது. தொலைபேசியை அவர் காதருகே பிடித்தான். வேதனை மருந்தின் மயக்கத்திலே குரல் தாழ்ந்திருந்தது. “அலுமாரிக்கு மேல, பழைய சூட்கேசுக்குப் பின்னால. உன்ர கடுதாசி அடியில கிடக்கும். மெல்லமா எடுக்கச் சொல்லு, மடிப்பில கிழிஞ்சிருக்கு.” ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்திலே அப்பத்திரத்தின் நிழற்படம் என் கைத்தொலைபேசியில் வந்தது. மழைநீர்க் கறை ஓரத்திலே மஞ்சளாய்ப் படிந்திருந்தது. தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடம், திகதி எல்லாம் தெளிவாயிருந்தன. யான் உயிரோடு அவ்வலுவலகத்திலே நின்றேன், அது சாட்சியாகவில்லை. தாள் சாட்சியாயிற்று.

பக்கத்திலிருந்த ஆச்சி

கொழும்பிலிருந்து மறுமொழி வருமளவும் இரண்டு நாள் அக்கூடத்திலே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியிலே எண்பதை அணுகிய ஓர் ஆச்சி இருந்தார். உடன் ஒரு பேத்தி, இருபது வயதிருக்கும். பேச்சிலே மன்னார் மணம் வீசிற்று. “தம்பி, நீங்கள் படிச்ச ஆள் மாதிரிக் கிடக்கு. இதை நிரப்பித் தாறியளே?” என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது, பேசாலைக் கரையிலிருந்து இரவோடிரவாக வள்ளத்தில் ஏறி இராமேசுவரக் கரையிலே இறங்கியவர் அவர். முப்பத்தைந்து ஆண்டுகள் முகாம் வாழ்க்கை. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டிலே அம்முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. அப்போதைய கணக்கின்படி 58,000க்கு மேற்பட்டோர் அவற்றில் வாழ்ந்தனர். பேத்தி முகாமிலே பிறந்தவள். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையைப் பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்திலே பதிந்துகொள்ளவேண்டும் என்பது நம் பிரசாவுரிமைச் சட்டத்தின் ஏற்பாடு. தவறினால் மேலதிக அனுமதி வேண்டும். ‘ஊரிலே சாகவேண்டும்’ என்பது ஆச்சியின் விருப்பம். அதற்கு நாடு திரும்பும் தற்காலிகப் பயணப் பத்திரமே வழி. யான் கேட்டதும் அதனையே. எனக்கு அவசரம் ஒரு வாரத்தது. அவருடைய அவசரத்துக்கு வயது முப்பத்தைந்து.

நாட்டைவிட்டு எவ்வாறு வெளியேறினீர் என்னும் இடத்துக்கு வந்தேன். ஆச்சி குரலைத் தாழ்த்தினார். “தம்பி, பிளேனில வந்தது எண்டு எழுதினால் என்ன? வள்ளத்தில வந்ததெண்டால் அங்க இறங்கினவுடன பிடிப்பினமாமே.” அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 2025 மே மாதத்திலே தமிழ்நாட்டிலிருந்து முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன்னர் முறையற்ற வழியிலே நாட்டைவிட்டுச் சென்றார் என்பதற்காகப் பலாலியிலே கைதுசெய்யப்பட்டதையும், கண்டனங்கள் எழுந்தபின் விடுவிக்கப்பட்டதையும் பத்திரிகைகளிலே படித்திருந்தேன். குண்டுக்குத் தப்பியோடியவள் துறைமுகத்தில் முத்திரை பெற்றுக்கொண்டா ஓடுவாள்?

எழுதுகோலைப் பிடித்தபடி சிறிது நேரம் இருந்தேன். வகுப்பறையிலே வாய்மையைப் பற்றி ஆண்டுதோறும் பாடஞ் சொல்பவன் யான். எனினும் அவ்வாய்மையின் விலையைச் செலுத்தப்போகிறவர் யானல்லேன், அவர். “ஆச்சி, பிளேன் எண்டு எழுதினால் எந்த நாள், எந்தச் சீட்டு எண்டு கேட்பினம். அதுக்குப் பிறகு எல்லாத்தையும் பொய்யெண்டு சொல்லிப்போடுவினம். உள்ளதையே எழுதுவமே?” என்றேன். அவர் பேத்தியைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். “நீங்கள் படிச்ச ஆள். எழுதுங்கோ” என்றார். எழுதினேன். எழுதியது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் அந்த எண்ணம் இரவிலே என்னை எழுப்பாமலும் இல்லை. “உங்கட புத்தகம் துலைஞ்சுபோச்சு எண்டு கவலைப்படுறியள் தம்பி. எங்களுக்குத் துலைக்கவே ஒண்டும் இருக்கேல்லை” என்று அவர் சொன்னதில் மனக்குறை இல்லை, உள்ளதைச் சொன்னார், அவ்வளவே.

அப்போதுதான் அசோகவனத்து வினாவுக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. கணையாழி அநுமனுடைய முகத்துக்குச் சான்றன்று. அவனுக்குப் பின்னால் ஒருவன் இருக்கின்றான், தேடுகின்றான், வருவான் என்பதற்கே அது சான்று. நம் கையிலுள்ள சிறு புத்தகமும் அத்தகையதே. இவனைத் தன்னவனென்று சொல்ல ஒரு நாடு உண்டு என்பதே அதன் பொருள். சாகுந்தலத்திலே துஷ்யந்தன் எதிரே நின்றவளை அறியவில்லை. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வந்தபின்னரே அறிந்தான். அவ்வாறு முகம் மறந்த அரசுகள் உலகில் எத்தனை! நாடிழந்த இரசியர்க்கு உதவும்பொருட்டு 1922ஆம் ஆண்டிலே பிரிட்ஜொவ் நான்சன் என்னும் நோர்வேப் பெரியார், எந்த நாடும் தராத கடவுச்சீட்டைச் சர்வதேச சங்கத்தின் பெயரால் தரச்செய்தார். ஆர்மீனியர் முதலிய பிறரும் பின்னர் அதனைப் பெற்றனர். ஏறக்குறைய 450,000 பேர் அந்த நான்சன் சீட்டினால் எல்லை கடந்தனர். இராமன் இல்லாதார்க்கு யாரேனும் ஓர் ஆழி தரவேண்டும் என்று கருதிய ஒருவர் உலகிலே இருந்தார். அவ்வாண்டே நோபெல் சமாதானப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

திரும்பிய வழி

புதன்கிழமை மாலையிலே தற்காலிகப் பயணப் பத்திரம் என் கைக்கு வந்தது. நாடு திரும்பும் ஒரு பயணத்துக்கு மாத்திரமே அது செல்லும். அதனோடு விமான நிலையத்துக்கு ஓடிவிடலாம் என்று எண்ணினேன். அது பிழை. கடவுச்சீட்டோடு அதில் இருந்த இந்திய வீசாப் பதிவும் போயிற்றே. யான் முறைப்படி வந்தவன் என்பதை இந்திய அரசுக்குக் காட்டி, வெளியேறும் அனுமதி பெறல்வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே விண்ணப்பம். பொலிஸ் பற்றுச்சீட்டு, பயணப் பத்திரம், தூதரகக் கடிதம், விடுதியின் படிவம், நிழற்படம் ஆகிய இத்தனையும் அதனோடு சேரவேண்டும். கணினி அறிவு குறைந்த எனக்கு விடுதியின் முகப்பில் இருந்த இளைஞர் நள்ளிரவுவரை உடனிருந்து உதவினார். வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது. சனிக்கிழமை பலாலியில் இறங்கினேன். மருமகன் வாயிலிலே காத்திருந்தான். வீட்டுக்குப் போகாமல் நேரே போதனா வைத்தியசாலைக்குச் சென்றோம்.

இவ்விடத்திலே பயன் கருதிச் சில கூறுவேன். வெளிநாடு செல்வோர் கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும் வீசாவையும் பிரதியெடுத்து, ஒரு பிரதியை வேறு பையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு படம் இருப்பது நன்று. அடையாள அட்டையைக் கடவுச்சீட்டோடு ஒரே பையில் வைத்தலாகாது. தொலைந்தது தெரிந்த அன்றே முறைப்பாடு செய்தல் வேண்டும். தொலைந்ததென அறிவித்தபின், கடவுச்சீட்டு மீண்டும் கிடைத்தாலும் அதனைக்கொண்டு பயணஞ் செய்தலாகாது. தொலைந்த பயணப் பத்திரங்களின் இலக்கங்கள் 2002ஆம் ஆண்டு தொடக்கம் இன்டர்போலின் பொதுப் பதிவிலே ஏறுகின்றன. எந்த நாட்டு விமான நிலையத்திலும் அது தடுக்கப்படலாம். புதிய கடவுச்சீட்டுக்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அலையவேண்டிய நிலை நம்மவர்க்கு இருந்தது; 2025 செப்டெம்பரிலே யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டபின் அவ்வலைச்சல் குறைந்தது. தொலைத்தமைக்கு மேலதிகக் கட்டணம் உண்டு. அதனை முணுமுணுக்காமற் செலுத்தினேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாளாயிருந்தது. அம்மா கண்மூடிக் கிடந்தார். யான் அருகில் இருந்து கையைப் பிடித்தபோது விழித்தார். சிதம்பரத்திலே தரிசனம் எப்படியென்று கேட்பார் என எண்ணி, திருநீற்றுப் பொதியை எடுத்தேன். நெற்றியிலே பூசக் காட்டினார். பின்னர் மெல்லிய குரலில், “அந்தக் கடுதாசியைத் திருப்பித் தகரத்துக்க வைச்சாச்சோ?” என்றார்.

“இன்னும் இல்லை அம்மா. இப்ப போய் வைக்கிறன்” என்றேன்.

அன்று மாலை வீட்டிலே தகரத்தைத் திறந்தேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மடிப்பு கிழியாமல் அடியிலே வைத்தேன். அதன்மேல் சென்னைக் காவல் நிலையத்தின் பற்றுச்சீட்டையும் வைத்தேன். இப்போது அவர் ஊன்றுகோலோடு முற்றம்வரை நடக்கின்றார். பேசாலை ஆச்சியின் செய்தி மட்டும் இன்னும் வரவில்லை. பேத்தியிடம் எனது முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.